கை எண்ணெய்

சுகந்தி கையைத் தண்ணீருக்குள் விடவே இல்லை. அதற்குள் நுரை இறங்கிவிட்டது.

கதவருகிலேயே நின்றுவிட்டாள். புடவைமேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்தது மடித்தபடி இருந்தது. ஸ்கிம்மரின் கழுத்துவரை ததும்பிக்கொண்டிருந்த வெள்ளை நுரை, அவள் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் பொசுக்கென்று அடித்தளத்துக்குப் போய்விட்டது. மாமியார் காலடிச் சத்தம் கேட்டதும் அடங்கிவிடும் அடுக்களைப் பேச்சு மாதிரி.

நீலாங்கரைக் கடற்கரையில், ‘பவழத்திட்டு’ என்ற புத்தம்புது ஓட்டலின் பின்பக்கத்து இயந்திர அறை அது. சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல்நீர், பவளம், பல வண்ண மீன்கள். திறப்பு விழா இன்றுதான் என்றாலும் தொட்டி ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அந்தத் தொட்டியின் குடலும் சிறுநீரகமும்: பம்புகள், குழாய்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் நாயகமாக ஸ்கிம்மர்.

ஸ்கிம்மர் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தண்ணீரையும் காற்றையும் சேர்த்து அடித்துப் பால் போலக் குமிழியாக்கும். மீன் கழிவும் மிச்ச இரையும் கரைந்த புரோட்டினாகத் தண்ணீரில் இருக்கிறதல்லவா, அது குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறும். கழுத்து வழியாக வழிந்து உச்சியில் இருக்கும் கப்பில் விழும். டிகாக்‌ஷன் நிறம். நாற்றத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டாம். எவ்வளவு நுரை ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிவப்புக் காற்றுத் திருகு. அதிகம் திறந்தால் நல்ல தண்ணீரும் சேர்ந்து வழியும். குறைத்தால் அழுக்கு உள்ளேயே தங்கும்.

தொட்டிக்குள் கையை விட்டால் நுரை இறங்கிவிடும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை குமிழிகளை உடைத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஏறும். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கொளத்தூர் மீன் கடைகளில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

ஆனால் கைதான் போகவே இல்லையே!

“பாய்!” என்று கத்தினாள். “இங்க வாங்க!”

வேனிலிருந்து குழாயைச் சுருட்டி இறக்கிக்கொண்டிருந்த சிக்கந்தர் உள்ளே வந்தான். சுகந்தியின் தொழில் கூட்டாளி. கொளத்தூரில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்துதான் பலகையில் இருக்கிறது. தாடியில் உப்பு பூத்திருந்தது.

“இன்னா? ஷாக் அடிச்சிடுச்சா?”

“நுரையைப் பாருங்க.”

“இறங்கியிருக்கு. கை விட்டிருப்ப.”

“விடல.”

“அப்போ தலைக்கு எண்ணெய் வச்சிக்கினு வந்திருப்ப.”

“விளையாடாதீங்க பாய். நான் வெளியில போறேன். நுரை ஏறினதும் சொல்லுங்க.”

வெளியே போய் மணலில் நின்றாள். சற்று நேரத்தில் சிக்கந்தர் குரல் கொடுத்தான். “ஏறிடுச்சு!” அவள் உள்ளே கால் வைத்தாள். இறங்கிவிட்டது. மறுபடி வெளியே. ஏறியது. மறுபடி உள்ளே. இறங்கியது. சிக்கந்தர் மட்டும் தனியாக எத்தனை தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும் அது அசைந்து கொடுக்கவில்லை.

“உன் செருப்பைக் கழட்டு,” என்றான் சிக்கந்தர். அவன் முகத்தில் கிண்டல் போயிருந்தது. அவளுடைய செருப்பில் பாதி பாதத்தை மட்டும் நுழைத்துக்கொண்டு, அவள் நடப்பது போலவே குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான்.

நுரை பாதி இறங்கியது. அங்கேயே தயங்கி நின்றது. பிறகு, ‘அட, நீதானா’ என்பது போல மறுபடி ஏறிவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நடையைக் கேக்குது பாய்,” என்றாள் சுகந்தி. “தரை வழியா என் நடையைக் கேக்குது. நீங்க இரை போடற ஆளு. நான் திருகைத் திருகற ஆளு. ரெண்டு பேரையும் அதுக்குத் தெரியுது!”

“எதுக்கு? மீனுங்க எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு.”

“மீனுக்கு இல்ல. தண்ணிக்கு.”

சிக்கந்தர் செருப்பைக் கழற்றி மரியாதையாக ஓரம் வைத்தான்.

பெங்களூரில் புரோட்டின் ஆராய்ச்சி செய்யும் தங்கை பானுவைக் கூப்பிட்டாள் சுகந்தி. ஞாயிற்றுக்கிழமை. பின்னணியில் தோசைக்கல் சீறியது.

“அக்கா, தோசை மாவு கையோட இருக்கேன். மீன் செத்துப்போச்சுன்னா எனக்குத் தெரியாது, நான் மாட்டு டாக்டர் இல்ல.”

சுகந்தி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தோசைக்கல் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“அக்கா, புரோட்டின் ஒரு நூல் மாதிரி. மடிஞ்சு மடிஞ்சு ஒரு உருவமா இருக்கும். அதுல சில பகுதிக்குத் தண்ணி பிடிக்கும், சில பகுதிக்குப் பிடிக்காது. பிடிக்காத பகுதி வெளியில இருந்தா, காத்தைப் பார்த்ததும் போய் ஒட்டிக்கும். அப்படித்தான் உன் ஸ்கிம்மர் அதைப் பிடிக்குது. சரியா?”

“சரி.”

“பிடிக்காத பகுதியை உள்ள மடிச்சு வச்சுக்கிட்டா ஒட்டாது. நுரை வராது. ஒரு மூலக்கூறு தற்செயலா அப்படி மடியலாம். ஒரு தொட்டித் தண்ணி முழுக்க ஒரே நேரத்துல மடியுதுன்னா, அதுவும் நீ வர்றப்போ மட்டும் மடியுதுன்னா...” பானுவின் குரல் உயர்ந்தது. “அது ஒண்ணோட ஒண்ணு சேதி சொல்லிக்குது. ஞாபகம் வச்சுக்குது. மூளைன்னா என்ன? செல்லு செல்லா இருந்தாத்தான் மூளையா? கரைஞ்சு இருந்தா ஆகாதா? அய்யோ அக்கா, நீ இப்போ எதுக்குப் பக்கத்துல நிக்கிறேன்னு தெரியுதா!”

“இத்தனை வருஷமா உலகம் முழுக்கக் கை எண்ணெய்னு சொல்லிட்டிருந்தோமேடி.”

“எண்ணெயும் ஒரு காரணம்தான். அதனாலதான் யாரும் அடுத்த கேள்வி கேக்கல.”

சுகந்தி கப்பை எட்டிப் பார்த்தாள். டிகாக்‌ஷனுக்கு மேலே வெளிர்முத்து நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. உப்பு என்று நினைத்துத் தினமும் கழுவி ஊற்றும் படலம். “பானு, கப்புக்கு வந்துட்டதை மறுபடி தண்ணியில ஊத்தினா பிழைச்சுக்குமா?”

“முட்டை வெள்ளையை அடிச்சு நுரையாக்கின பிறகு மறுபடி வெள்ளைக்கரு ஆகுமா?”

சுகந்தி ஓரத்தில் இருந்த கழுவுதொட்டியையும் அதன் சின்ன வட்டத் துவாரத்தையும் பார்த்தாள். பிறகு பார்க்காமல் இருந்தாள்.

“சுகந்திம்மா!” என்று வாசலில் குரல் கேட்டது. ஓட்டல் முதலாளி திருமாறன். பட்டு வேட்டி, நெற்றியில் பூஜைக் குங்குமம், கையில் பாதி கடித்த வடை. “இன்னும் என்ன பண்றீங்க? மத்தியானம் திறப்பு. தண்ணி பழுப்பாத் தெரியுது. என் சம்சாரம் பார்த்துட்டு ‘என்னங்க, ரசம் ஊத்தி வச்சிருக்கீங்களா’ன்னு கேக்கறா.”

“நேத்து நிறைய மீன் விட்டோம்ல சார். அழுக்கு ஜாஸ்தி.”

“அதான் மிஷின் இருக்கே! முழுசாத் திறந்து விடுங்க.”

“முழுசாத் திறந்தா...” சுகந்தி தடுமாறினாள். என்ன சொல்வது? தண்ணீர் செத்துவிடும் என்றா? “உள்ள ஒண்ணு இருக்கு சார். செத்துப்போயிடும்.”

“என்னது?”

“புதுசா ஒரு... உயிர்.”

திருமாறன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தார். “அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியல. மிஷினை ஓட்டலேன்னா என் மீனுங்க என்ன ஆகும்?”

“சாயங்காலத்துக்குள்ள மூச்சுத் திணறும்.”

“அதுங்க உயிர் இல்லையா?”

திருமாறன் வடையை வாயில் போட்டுக்கொண்டார். “விருந்தாளிங்க வர்றதுக்குள்ள தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும். இல்லேன்னா நானே வந்து திருகுவேன்.” சொல்லிவிட்டுப் போனார்.

“செய்வாரு,” என்றான் சிக்கந்தர். “மனுஷன் எல்லா சுவிட்சையும் தொட்டுப் பாக்கற ஜாதி.”

சுகந்தி சிவப்புத் திருகைப் பார்த்தாள். திறந்தால் அது சாகும். மூடினால் மீன் சாகும். நடுவில் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். எத்தனையோ தொட்டிகளில் அந்த நடு இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் அவள் பிழைப்பு. ஆனால் இந்தத் தடவை தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லையே! எதிரே கேட்கத் தெரிந்த ஒன்று இருக்கிறது.

“பாய், அதுகிட்டயே கேட்டுப் பார்க்கலாம்.”

“எப்படி? தமிழ்லயா?”

“திருகுல.”

திருகின் மேல் கை வைத்தாள். கொஞ்சம் திறந்தாள். பம்பு உறுமியது. நுரை வேண்டாவெறுப்பாக ஏறியது, முத்துநிற நுரை. உடனே மூடினாள். ‘இது வேண்டாம்’ என்று சொல்கிற மாதிரி. மறுபடி திறந்தாள். மறுபடி முத்துநிறம். மூடினாள். அடுத்த தடவை முத்துநிறத்துக்கு நடுவே ஒரு கறுப்பு இழை, அழுக்கு, தெரிந்தது. அப்படியே விட்டாள். திருகைத் தொடவே இல்லை. கறுப்பு வந்தால் கையை எடுத்துவிடுவாள். முத்து வந்தால் மூடுவாள். அது பயந்து மொத்தமாக அடங்கிவிட்டால் திருகின் மேல் விரலை வைப்பாள். திருகமாட்டாள். சும்மா வைப்பாள்.

சிக்கந்தர் ஓடி ஓடித் தொட்டியின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தான். “இன்னும் ரசம்தான்... ரசம்தான்... வாசல்ல கார் வந்துடுச்சு சுகந்தி! மேளக்காரங்க இறங்கிட்டாங்க!”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “கேளேன்,” என்று ஸ்கிம்மரிடம் முணுமுணுத்தாள். “உன்னைக் கேக்கல. அழுக்கை மட்டும் கொடு.”

விரலைத் திருகின் மேல் வைத்தாள்.

நுரை ஏறியது. மைக்கறுப்பாக ஏறியது. கெட்டியாக, கருப்பட்டிப் பாகு மாதிரி, ஒரு துளி முத்துநிறம்கூட இல்லாமல் கழுத்தை அடைத்துக்கொண்டு ஏறிக் கப்பில் தொப்தொப்பென்று விழுந்தது. கப் நிரம்பியது. சிக்கந்தர் அதை மாற்றினான். அதுவும் நிரம்பியது. அழுக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குமிழியில் ஒட்டிவிட்டுத் தான் மட்டும் நழுவிக்கொள்கிறது!

“சுகந்தி!” முன்பக்கத்திலிருந்து அலறினான் சிக்கந்தர். “தண்ணியே காணோம்! மீனுங்க எல்லாம் காத்துல பறக்குது!”

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பவளத்தின் ஒவ்வொரு முள்ளும் எண்ணிவிடலாம் போல இருந்தது. வெளியே நாதஸ்வரம் எழுந்தது. இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் வயதை மறந்து, நின்ற இடத்திலேயே குதித்தார்கள்.

விருந்து அமர்க்களப்பட்டது. மீனைப் பார்த்துக்கொண்டே மீன் சாப்பிடுவதில் அலாதி இன்பம் இருக்கிறது போலும். வஞ்சிரம் வறுவலுக்குப் பாதி, தொட்டிக்குப் பாதி என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். திருமாறன் இலையை விட்டு எழுந்து இயந்திர அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“சுகந்திம்மா, என்ன மந்திரம் போட்டீங்க?”

அவள் மகிழ்ச்சியில் உளறிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

“அப்போ அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்து என் மச்சான் ஓட்டல் தொட்டியில ஊத்தினா அங்கேயும் வேலை செய்யுமா?”

“செய்யலாம்.”

“குளத்துல? சாக்கடையில? அடேயப்பா! எங்க அழுக்கு இருந்தாலும் ஊத்த வேண்டியதுதான். திருகுமேல கை வச்சா போதும், தானா வேலை செய்யும்!” அவர் குழந்தை மாதிரி சிரித்தார். “நாளைக்குப் பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்.” நாதஸ்வரக்காரருக்குப் பாயசம் வரவில்லை என்று யாரோ கூப்பிட, ஓடினார்.

திருகுமேல் கை வைத்தால் போதும். அந்த வார்த்தை முள் மாதிரி தைத்தது.

பானுவின் அழைப்பு வந்தது. “அக்கா, என்ன ஆச்சு? பேசினியா?”

“பேசினேன். ஒத்துக்கிச்சு! அழுக்கை எல்லாம் அதுவே எடுத்துக் கொடுத்துச்சு.”

“எப்படிக்கா கேட்டே?”

“திருகுல விரலை வச்சேன்.”

“அதைத் திறந்தா அது செத்துடும்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதனாலதானே...” சுகந்தி பாதியில் நிறுத்தினாள்.

“துப்பாக்கியை மேசைமேல வச்சுட்டு, ஒப்பந்தம் போட்டேன்னு சொல்ற.”

சுகந்தி உள்ளே போனாள். அவள் காலடி விழுந்ததும் நுரை எப்போதும் போல இறங்கியது. ஒரு கணம்தான். அவள் அருகில் போய் நின்றதும், எதையும் தொடாதபோதே, அவசர அவசரமாக ஏறத் தொடங்கியது. கறுப்பு. பிறகு பழுப்பு. பிறகு வெளிர்ப் பழுப்பு. தொட்டியில் அழுக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் திருகுக்காரி இன்னும் நிற்கிறாளே! என்ன கொடுப்பது?

கழுத்தில் முத்துநிறம் ஏறியது. தன்னையே பிய்த்துப் பிய்த்துக் கப்பில் போட்டுக்கொண்டிருந்தது.

“வேண்டாம்!” சுகந்தி ஸ்கிம்மரின் பிளக்கைப் பிடுங்கினாள். பம்பு முனகி அடங்கியது. சிவப்புத் திருகைக் கழற்றித் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

“பாய், வேன்ல உப்புக் கரைச்ச புதுத் தண்ணி இருக்கில்ல?”

“நாளைக்கு மாத்தறதுக்குக் கொண்டாந்தோமே. ரொம்ப இருக்கு.”

“இப்போவே மாத்தறோம். ஒரு குழாய் வழியா இது போகணும், இன்னொரு குழாய் வழியா அது வரணும். முன்னாடி மட்டம் ஒரு விரக்கடை இறங்கக் கூடாது.”

“கூடம் முழுக்க ஆளு இருக்கு சுகந்தி! மாறன் நாளைக்குப் பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாரே?”

“அதனாலதான் இன்னிக்கே.”

சிக்கந்தர் தாடியைச் சொறிந்தான். பிறகு குழாயைத் தோளில் போட்டான். “ஐஸ்கிரீம் போடற நேரம் பார்த்து ஆரம்பிக்கலாம். அப்போ எவனும் சுவத்தைப் பாக்க மாட்டான்.”

அப்படியே நடந்தது. பின்கதவைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல். ஒரு குழாய் அங்கே போனது, இன்னொன்று வேனிலிருந்து வந்தது. கூடத்தில் பிஸ்தா ஐஸ்கிரீமுக்குத் தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மனம் குழாய் வழியாக வீடு போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு குழந்தை மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, “அம்மா, தண்ணி தெரியுது,” என்றது. யாரும் கவனிக்கவில்லை. மீன்கள் புதுத் தண்ணீரில் துள்ளின. அவற்றுக்கு இனி இரண்டு நாளுக்குக் கவலையில்லை. அதற்குள் சாதாரணத் தண்ணீரும் சாதாரண ஸ்கிம்மருமாகச் சரிசெய்துவிடலாம், திருமாறன் அவளை உள்ளே விட்டால்.

மிச்சமும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சுகந்தி கடலை நோக்கி நடந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அலைகள் வெள்ளை வெளேரென்று உடைந்துகொண்டிருந்தன.

அவள் ஈர மணலில் கால் வைத்தாள்.

எதிரே வந்த அலை நுரையில்லாமல் வந்தது.

இடப்பக்கம் நுரை. வலப்பக்கம் நுரை. அவளுக்கு நேர் எதிரே மட்டும் அலை எண்ணெய் போல வழுவழுவென்று வந்து, சத்தமில்லாமல் திரும்பிப் போனது. நான்கடி இடப்பக்கமாக நடந்தாள். அந்த வழுவழுப்பு அவளோடு நடந்தது. கால்களை வலப்பக்கமாகத் திருப்பினாள். சொல்லிவைத்தாற்போல் அதுவும் திரும்பியது.

பின்னால் சிக்கந்தரின் மூச்சு கேட்டது. “சுகந்தி... இவ்ளோ கடலுக்கும் இப்போ விட்ட தண்ணி எம்மாத்திரம்? இது இன்னிக்குத் தெரிஞ்சுக்கினது இல்ல.”

அவளுக்கும் அதுதான் தோன்றியது. தொழிலில் மற்றவர்கள் பழைய உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். சுகந்திக்கு மனம் வராது. எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்பாள். சிக்கந்தர் டீசல் கணக்குச் சொல்லிக் கிண்டல் செய்வான். வருஷக்கணக்காக, எத்தனையோ வீட்டுத் தொட்டிகளின் தண்ணீரை, இதே நீலாங்கரையில், இதே ஈர மணலில் நின்று ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தொட்டியும் அவள் நடையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வந்து சொல்லியிருக்கிறது.

கடலுக்கு மனிதர்களில் ஒரே ஒருத்தியிடம்தான் பயம். அந்த ஒருத்திக்கு எதிரே அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

“பாய், இதைப் பிடிங்க.” தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சிவப்புத் திருகை அவனிடம் கொடுத்தாள். “வேனுக்குப் போயிடுங்க.”

“நீ?”

“நான் இருக்கேன்.”

“மாறன் கேட்டா என்ன சொல்லட்டும்?”

“கை எண்ணெய்னு சொல்லுங்க. எல்லாரும் நம்புவாங்க.”

அவன் சிரித்தபடியே போனான். சுகந்தி செருப்பைக் கழற்றித் தூர வைத்தாள். ஈர மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நடக்கவில்லை. எழவில்லை. எதையும் தொடவில்லை. ஓட்டலில் நாதஸ்வரம் ஓய்ந்தது. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வழுவழுப்பான அலைகள் வந்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

சூரியன் ஓட்டல் கூரைக்குப் பின்னால் இறங்கிய சமயம், ஓர் அலை மற்றவற்றைவிட மெதுவாக வந்தது. அதன் விளிம்பில் நூல் போல ஒரு வெளிர்முத்து நுரை. அது மணலில் தயங்கித் தயங்கி ஏறி, அவளுடைய கட்டைவிரலைத் தொட்டது. தொட்டதும் பதறிப் பின்வாங்கியது.

சுகந்தி அசையவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

அடுத்த அலை வந்தது. இந்தத் தடவை நுரை அவள் கணுக்கால்வரை வந்து, போகாமல் நின்றது.